கணக்கைக் காக்கும் நான்கு பண்புகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முல்லைப் பெரியாற்று நீரால் வளம்பெற்றுத் திகழ்வது கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் அப்பள்ளத்தாக்கின் ஊர்களுள் ஒன்று சின்னமனூர். தமிழ்நாட்டு வரலாறு கற்பார் அனைவரும் அவ்வூரின் பெயரை அறிவர். அங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளே அதற்குக் காரணம். அவை சிறிய சின்னமனூர்ச் செப்பேடுகள் என்றும், பெரிய சின்னமனூர்ச் செப்பேடுகள் என்றும் இரு தொகுதிகளாக வழங்குகின்றன. பெரிய செப்பேடுகள் கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் காலத்தவை. அவற்றின் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும், பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் கூறுவதால் புலவர்கள் அவற்றைப் பெரிதும் போற்றுவர். ஆயினும் அவை எழுதப்பட்ட நோக்கம் வேறு. நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை, மந்தரகௌரவ மங்கலம் எனப் பெயர் மாற்றி, அந்தணர் ஒருவர்க்கு மன்னன் கொடையாக அளித்தான். அக்கொடையைப் பதிவு செய்வதே அச்செப்பேடுகளின் நோக்கம்.

மன்னன் வாயால் சொன்னாலே போதாதா? செம்பிலே பொறிக்க வேண்டிய தேவை என்ன? சொன்ன சொல் காற்றோடு போகும். கேட்ட சான்றோர் ஒரு நாள் மறைவர். ஓலையைச் செல் அரிக்கும். ஆனால் நிலமோ தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது. கொடுத்தவனும் பெற்றவனும் இல்லாத காலத்திலும், 'இன்ன நிலம் இன்னார்க்கு உரியது' என ஐயமின்றி விளங்க வேண்டும். இராசசிம்மன் சோழன் முதற் பராந்தகனிடம் தோற்றான், மதுரையை இழந்தான், ஈழத்திற்குச் சென்றவன் தன் மணிமுடியையும் ஆங்கே விட்டு நீங்கினான் எனச் சூளவமிசம் என்னும் இலங்கை வரலாற்று நூல் கூறுகின்றது. அவன் முடி போயிற்று, நாடும் போயிற்று. அவன் செய்த கொடையின் பதிவோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் படிக்கத்தக்க நிலையில் இருக்கின்றது.

மாணவர்களே! இக்காலத்தில் கொடுக்கல் வாங்கலின் பெரும்பகுதி செம்பிலும் ஓலையிலும் எழுதப்படுவதில்லை, கணிப்பொறியிலே எழுதப்படுகின்றது. ஒரு நொடியில் எழுதி மறுநொடியில் அழிக்கத்தக்க அப்பொறியின் கணக்கை நாம் எவ்வாறு நம்புகிறோம்? அந்நம்பிக்கைக்கு அடிப்படையாகிய நான்கு பண்புகளை இப்பாடத்தில் காண்போம்.

பரிமாற்றம் யாது?

வங்கியின் கணக்குகள், தொடர்வண்டியின் இருக்கைகள், ஒரு மாவட்டத்தின் நிலப் பட்டாக்கள் போன்ற செய்திகளை ஒழுங்குபடுத்திக் கணிப்பொறியில் சேமித்து வைத்திருக்கும் தொகுப்பினைத் தரவுத்தளம் என்பர். அதிலுள்ள செய்தி ஒன்றை மாற்றுவதற்குப் பெரும்பாலும் ஒரு செயல் போதாது. பல செயல்கள் வேண்டும். அப்பல செயல்களும் சேர்ந்து ஒரே காரியமாகக் கருதப்படுமாயின் அதற்குப் பரிமாற்றம் என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். சின்னமனூரில் வாழை பயிரிடும் உழவர் ஒருவர்க்கு மதுரையில் கல்லூரியில் பயிலும் மகள் ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். இருவர்க்கும் ஒரே வங்கியில் கணக்கு உண்டு. தந்தையின் கணக்கில் 8,000 ரூபாயும், மகளின் கணக்கில் 1,000 ரூபாயும் இருக்கின்றன. கல்லூரிக் கட்டணம் செலுத்துதற்கு நாளையே இறுதி நாள். தந்தை தம் கைப்பேசி வாயிலாக 5,000 ரூபாய் அனுப்புகின்றார். அவர்க்கு இஃது ஒரே செயல். வங்கியின் கணிப்பொறிக்கோ இதனுள் பல செயல்கள் உள்ளன. தந்தையின் கணக்கில் போதிய பணம் உண்டா எனப் பார்த்தல் முதற்செயல். அதிலிருந்து 5,000 ரூபாயைக் கழித்தல் இரண்டாவது. மகளின் கணக்கில் அத்தொகையைக் கூட்டுதல் மூன்றாவது.

இரண்டாவது செயல் முடிந்து, மூன்றாவது செயல் தொடங்குமுன் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? தந்தையின் கணக்கில் 3,000 ரூபாய். மகளின் கணக்கில் அதே 1,000 ரூபாய். முன்பு இருவர்க்கும் சேர்த்து 9,000 ரூபாய் இருந்தது. இப்போது 4,000 ரூபாயே இருக்கின்றது. எஞ்சிய 5,000 ரூபாயை எவரும் திருடவில்லை. எனினும் அஃது எங்கும் இல்லை. ஓர் ஆண்டு பாடுபட்ட உழைப்பின் பயன் ஒரு கணத்தில் கணக்கிலிருந்து மறைந்து போவதற்கு யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை; ஒரு மின்தடை போதும். இத்தகைய இடையூறுகள் வாராமல் தடுத்தல் இயலாது. வந்தாலும் கணக்குக் கெடாமல் காத்தல் இயலும். அதற்கென வகுக்கப்பட்டனவே நான்கு பண்புகள்.

அமெரிக்க அறிஞராகிய சிம் கிரே என்பவர் 1981-ஆம் ஆண்டில் பரிமாற்றத்தின் இலக்கணத்தைத் தெளிவாக ஆராய்ந்து எழுதினார். இத்துறையில் ஆற்றிய தொண்டிற்காக 1998-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் பரிசு அவர்க்கு வழங்கப்பெற்றது. செருமானிய அறிஞர்களாகிய தியோ ஆர்டர், ஆந்திரியாசு ராய்ட்டர் என்னும் இருவர், 1983-ஆம் ஆண்டில் நான்கு பண்புகளின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைக் கூட்டி 'ஆசிட்' என்னும் குறியீட்டை அமைத்தனர். ஆசிட் என்பதற்கு அமிலம் என்பது பொருள். பொன்னின் தரத்தைப் பொற்கொல்லர் அமிலமிட்டுச் சோதிப்பர். பரிமாற்றத்தின் தரத்தைச் சோதிக்கவும் இந்நான்கு பண்புகள் பயன்படுகின்றன. அவற்றைத் தமிழில் குறைபடாமை, முரண்படாமை, கலவாமை, அழியாமை எனக் கூறலாம்.

குறைபடாமை

பரிமாற்றத்தின் செயல்கள் அனைத்தும் நிறைவேற வேண்டும். அன்றேல் ஒன்றும் நிறைவேறாதது போல ஆதல் வேண்டும். இதுவே குறைபடாமை. ஆங்கிலத்தார் இதனை அணுவின் பெயரால் வழங்குவர். பிளக்க இயலாதது என்பதே அச்சொல்லின் பழம்பொருள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் நிலைக்குக் கணக்கில் இடமில்லை. எல்லாச் செயல்களும் முடிந்தபின் கணிப்பொறி அப்பரிமாற்றத்தை உறுதி செய்யும். இடையில் தடை நேருமாயின், அதுவரை செய்தவற்றை நீக்கிப் பழைய நிலைக்கே திரும்பும். மேற்கூறிய உழவரின் கணக்கில் மீண்டும் 8,000 ரூபாய் காணப்படும். பணம் மகளுக்குச் சென்று சேரவில்லை என்பது உண்மையே. ஆயினும் அது தொலையவில்லை. அவர் மீண்டும் அனுப்பலாம்.

முரண்படாமை

ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் சில விதிகள் உண்டு. சேமிப்புக் கணக்கின் இருப்புச் சுழியத்திற்குக் கீழே செல்லலாகாது. இல்லாத கணக்கிற்குப் பணம் அனுப்பலாகாது. ஒரு கணக்கில் கழித்த தொகையும் மற்றொன்றில் கூட்டிய தொகையும் ஒத்திருக்க வேண்டும். இவை போல்வன அவ்விதிகள். பரிமாற்றம் தொடங்குமுன் தரவுத்தளம் விதிகளுக்கு இயைந்திருந்தது போலவே, முடிந்த பின்னும் இயைந்திருக்க வேண்டும். இதுவே முரண்படாமை. விதியை மீறும் பரிமாற்றம் ஏற்கப்படாது.

இங்கு நுட்பமான செய்தி ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கணிப்பொறி தனக்குச் சொல்லப்பட்ட விதிகளையே காக்கும், சொல்லப்படாததை அறியாது. மகளின் கணக்கு எண்ணுக்கு மாறாக, வேறொருவருடைய கணக்கு எண்ணைத் தந்தை தவறாகக் குறித்துவிட்டால், எந்த விதியும் மீறப்படுவதில்லை. கூட்டலும் கழித்தலும் சரியாகவே இருக்கும். பணம் மட்டும் அயலாரிடம் சேரும். ஆதலின் விதிகளை வகுக்கும் அறிவும், எண்ணைச் சரிபார்க்கும் கவனமும் மாந்தரிடமே இருத்தல் வேண்டும்.

கலவாமை

ஒரே நேரத்தில் பலர் ஒரே கணக்கை நாடுவதுண்டு. ஒரு கணக்கில் 10,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். அண்ணன் கம்பத்திலிருந்து 2,000 ரூபாயும், தம்பி தேனியிலிருந்து 3,000 ரூபாயும் அதே நொடியில் அக்கணக்கில் செலுத்துகின்றனர். இரு பரிமாற்றங்களும் முதலில் 10,000 என்னும் இருப்பைப் படிக்கின்றன. ஒன்று 12,000 என எழுதுகின்றது. மற்றொன்று, தான் படித்த பழைய இருப்போடு 3,000 ரூபாயைக் கூட்டி, 13,000 என அதன்மேல் எழுதிவிடுகின்றது. இருக்க வேண்டியது 15,000 ரூபாய். அண்ணன் செலுத்திய 2,000 ரூபாய் காணாமற் போயிற்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் பிழையற்றவை. ஒன்றோடொன்று கலந்தமையால் பிழை விளைந்தது.

முறைப்பாசனம் நிகழும் கழனிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒருவர் வயலுக்கு முறைப்படி நீர் பாயும்போது மற்றவர் மடையைத் திறப்பதில்லை. தம் முறை வரும்வரை காத்திருப்பர். கணிப்பொறியும் ஒரு பரிமாற்றம் கணக்கைத் திருத்தும்போது அக்கணக்கைப் பூட்டி வைக்கின்றது. அடுத்த பரிமாற்றம் பூட்டுத் திறக்கும்வரை காத்திருந்து, பின்னர்ப் புதிய இருப்பைப் படிக்கின்றது. பல பரிமாற்றங்கள் ஒருங்கே நிகழினும், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தது போன்ற பயனே விளைய வேண்டும். இதுவே கலவாமை. 2023-ஆம் ஆண்டு சூன் திங்களில் போடிநாயக்கனூருக்கும் சென்னைக்கும் இடையே நேரடித் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வண்டியில் எஞ்சிய ஒரே படுக்கையை இருவர் ஒரே நொடியில் கேட்டால், ஒருவர்க்கே அது கிடைப்பதும் இப்பண்பினாலேயாம்.

பூட்டுவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. முதற்பரிமாற்றம் ஒரு கணக்கைப் பூட்டிக்கொண்டு மற்றொன்றிற்காகக் காத்திருக்க, இரண்டாவது பரிமாற்றம் அம்மற்றொன்றைப் பூட்டிக்கொண்டு முதலதற்காகக் காத்திருக்கக் கூடும். இருவரும் விட்டுக்கொடாராயின் காத்திருப்புக்கு முடிவேது? அந்நிலையில் கணிப்பொறி இரண்டில் ஒன்றைக் கைவிட்டு, அது செய்தவற்றை நீக்கி, மற்றதற்கு வழிவிடும். கைவிடப்பட்டதை மீண்டும் தொடங்கலாம். குறைபடாமை என்னும் முதற்பண்பு ஈண்டும் துணைநிற்றலைக் காண்க.

அழியாமை

'பணம் சென்று சேர்ந்தது' எனக் கணிப்பொறி ஒருமுறை கூறிவிட்டால், பின்னர் எந்தத் தடை நேரினும் அச்சொல் மாறலாகாது. மறுநொடியே மின்சாரம் நின்றாலும் பதிவு நிலைத்திருக்க வேண்டும். இதுவே அழியாமை.

கணிப்பொறிக்கு இருவகை நினைவு உண்டு. ஒன்று விரைவானது, ஆனால் மின்சாரம் நின்றவுடன் அதிலுள்ளவை மறைந்துபோம். மற்றொன்று சற்றுத் தாமதமானது. மின்சாரம் இல்லாவிடினும் தன்னிடத்துள்ளதை விடாது காப்பது. முன்னது வாய்ச்சொல் போன்றது. பின்னது செப்பேடு போன்றது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி உறுதி கூறுதல் முறையன்று. ஆதலின் பதிவு நிலையான நினைவில் எழுதப்பட்ட பின்னரே கணிப்பொறி உறுதிமொழி தரும். பதிவேடுள்ள ஊரிலே தீயோ வெள்ளமோ நேரினும் கணக்கு அழியாதிருக்க, வேறோர் ஊரிலும் படி எடுத்து வைத்தல் வங்கிகளின் வழக்கம்.

எழுதியபின் செய்தல்

இந்நான்கு பண்புகளையும் கணிப்பொறி எவ்வாறு கைக்கொள்கிறது? அதன் மறைபொருள் மிக எளியது. கணக்கைத் திருத்துமுன், திருத்தப்போவதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. 'தந்தையின் கணக்கு: பழைய இருப்பு 8,000, புதிய இருப்பு 3,000' என நிலையான நினைவிலுள்ள குறிப்பேட்டில் முதலில் எழுதப்படும். அதன் பின்னரே நிலையான கணக்கேட்டில் மாற்றம் புகும். எல்லாச் செயல்களும் நிறைவேறியபின் 'முடிந்தது' என்னும் குறிப்பும் எழுதப்படும்.

முன்னரே வழங்கிய இம்முறையை மிகவும் செப்பஞ்செய்து அளித்தவர்களுள் தலையாயவர் சந்திரசேகரன் மோகன். இவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியவர். இவரும் இவருடைய தோழர் நால்வரும் 1992-ஆம் ஆண்டில் 'ஏரீசு' என்னும் மீட்புமுறையை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். அதன் கருத்துகள் இன்று பல தரவுத்தளங்களில் பயன்படுகின்றன.

ஏரீசு முறையில் மீட்பு மூன்று படிகளில் நிகழும். மின்சாரம் மீண்டும் வந்ததும், கணிப்பொறி குறிப்பேட்டை ஆராய்ந்து, முடிந்தவை எவை, முடியாதவை எவை எனப் பகுத்தறியும். இது முதற்படி. பின்பு, எழுதியவாறே எல்லாவற்றையும் மீளச் செய்து, தடை நேர்ந்த கணத்தின் நிலையை அப்படியே கொணரும். இஃது இரண்டாம் படி. இறுதியாக, 'முடிந்தது' என்னும் குறிப்பு இல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கும். இது மூன்றாம் படி. நீக்கும் செயலையும் அது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வரும். மீட்புக்கு நடுவே மின்சாரம் மறுபடி நின்றாலும், நீக்கியதையே இரண்டாம் முறை நீக்கிக் கணக்கைக் கெடுக்காதிருத்தற்கே இவ்வேற்பாடு.

பேரிடர் நீங்கியபின் சான்று கண்டு உரிமையை மீட்டல் நம் நாட்டிற்குப் புதிதன்று. பழைய பாண்டியனாகிய பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்குடி என்னும் ஊரைக் கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு அளித்தான். களப்பிரர் காலத்தில் அவ்வுரிமை பறிபோயிற்று. நெடுங்காலத்தின் பின், 8-ஆம் நூற்றாண்டில், அவன் வழிவந்த நற்சிங்கன் மதுரையில் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டான். மன்னன் உடனே தந்துவிடவில்லை. பழைய உரிமையை மெய்ப்பித்துக் காட்டுமாறு கேட்டான். மெய்ப்பித்தபின் ஊரை மீண்டும் அளித்து, அதனைச் செம்பிலும் பொறிக்கச் செய்தான். வேள்விக்குடிச் செப்பேடு கூறும் வரலாறு இது. இரக்கத்தால் தருவதும் ஐயத்தால் மறுப்பதும் இன்றிச் சான்றின் வழி நிற்றலே மீட்பின் இலக்கணம்.

இரு வங்கிகளுக்கு இடையே

தந்தையும் மகளும் வெவ்வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பின் சிக்கல் மிகும். ஒரு வங்கியின் கணிப்பொறி மற்றொரு வங்கியின் ஏட்டில் தானே எழுத இயலாது. செய்தி அனுப்பியே கேட்க வேண்டும். அச்செய்தியோ மறுமொழியோ இடைவழியில் தவறக் கூடும். 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. முறையில் சில வேளைகளில் 'நிலுவையில் உள்ளது' எனக் கைப்பேசி கூறுவது இதனாலேதான். அப்போது முதல் வங்கியிற் கழித்த பணத்தைப் பின்னர்த் திருப்பித் தருவதே பரிகாரம்.

இப்பரிகாரம் வங்கியின் விருப்பத்தைப் பொறுத்ததாக விடப்படவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் இதற்குக் கால வரையறை விதித்தது. யு.பி.ஐ. வழியாக ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்பிய பணம் கழிக்கப்பட்டும் சென்று சேராவிடின், அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். ஏ.டி.எம். பொறியில் கணக்கிற் கழிக்கப்பட்டும் பணம் வெளிவராவிடின், ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தரப்பட வேண்டும். வாடிக்கையாளர் முறையிடும்வரை காத்திராமல் வங்கி தானே அவ்வீட்டைத் தருதல் வேண்டும் என்பதும் விதி. ஆகவே, நிலுவை எனக் கண்டவுடன் பதற்றத்தால் மீண்டும் மீண்டும் பணம் அனுப்புதல் தகாது. பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிவு தெரியும்வரை பொறுத்தல் வேண்டும். குறித்த காலம் கடப்பின் அவ்வெண்ணைக் காட்டிக் கேட்பது நம் உரிமையாகும்.

முடிவுரை

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. கணக்கின் உறுதி எழுத்தைச் சார்ந்தது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கணிப்பொறியும் அவ்வழியே நடக்கின்றது. தடை நேரும் என முன்னரே எண்ணி, செய்யப்போவதை எழுதி, முடிக்க இயலாததை ஒளிக்காமல் நீக்கி, முடித்ததை எந்நாளும் மாற்றாது நிற்கின்றது. அதனாலேயே, எளிய உழவர் ஒருவர் தம் முகம் அறியாத பொறியிடம் தம் உழைப்பின் பயனை ஒப்படைத்து அமைதியாக உறங்க முடிகின்றது. பொருள்களைக் கையாளும் பொறுப்பு நாளை உங்களிடம் வரும். ஊர்ப் பொதுப்பணமாயினும், கடைக் கணக்காயினும், கூட்டுறவுச் சங்க ஏடாயினும், இந்நான்கு பண்புகளையும் அங்கே பேணுவீர்களாக!

வினாக்கள்

1. பரிமாற்றம் என்பது யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
2. இரு பரிமாற்றங்கள் தனித்தனியே பிழையற்றனவாயினும் கலந்தால் பிழை விளைவது எங்ஙனம்?
3. முரண்படாமை என்னும் பண்பு இருந்தும் பணம் அயலாரிடம் சேர்தல் எவ்வாறு இயலும்?
4. 'முடிந்தது' என்னும் குறிப்பு எழுதப்பட்ட பின், கணக்கேடு திருத்தப்படுமுன் மின்சாரம் நின்றதாகக் கொள்க. மீட்பின்போது கணிப்பொறி யாது செய்யும்? காரணம் கூறுக.
5. உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ அஞ்சலகத்திலோ நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கலை எடுத்துக்கொண்டு, அதில் நான்கு பண்புகளும் எவ்வாறு காக்கப்படுகின்றன எனக் கட்டுரை எழுதுக.